வானத்துப் பேன்: கொட்டகையில் பிறந்த ஒரு விமானத்தின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களின் காணொளிகள் நம் குழுவில் அடிக்கடி வருகின்றன. அவற்றின் கீழே எப்போதும் இரண்டு விதமான கருத்துகளைப் பார்க்கிறேன். "பட்டம் வாங்காத மேதை" என்று சிலர் எழுதுகிறீர்கள். "இதையெல்லாம் அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது?" என்று வேறு சிலர் கேட்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க உதவும் வரலாறு ஒன்று இருக்கிறது. 1930களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்தது. நம் பாடப் புத்தகங்களில் அது வருவதில்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி.

உலகின் முதல் விமானமே வீட்டுப் பட்டறையில் பிறந்ததுதான். ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். கல்லூரிப் பக்கம் போகாதவர்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்தார்கள் என்பதை நீங்கள் எல்லோரும் மனப்பாடமாகப் படித்திருப்பீர்கள். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1901இல் அவர்கள் செய்த கிளைடர், கணக்குப்படி தூக்க வேண்டிய எடையைத் தூக்கவில்லை. அன்று கிடைத்த அட்டவணைகளை நம்பித்தான் இறக்கையை வடிவமைத்திருந்தார்கள். உடனே இன்னொரு கிளைடர் கட்டிவிடாமல், சைக்கிள் கடையிலேயே மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, சுமார் 200 சிறு இறக்கை மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்து அளந்தார்கள். இதைத்தான் காற்றுச் சுரங்கம் என்கிறோம். அந்த அளவுகளை வைத்துக்கொண்டுதான் 1903 விமானத்தைக் கட்டினார்கள்.

அடுத்து சாந்தோஸ் துமோன். பிரேசிலில் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர். 'தும்பி' என்று பொருள்படும் தெமுவாசெல் என்ற சின்னஞ்சிறு விமானத்தைச் செய்தார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை, விரும்பியவர் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910இல் அமெரிக்காவின் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. ஆக, 'வரைபடத்தைப் பார்த்து வீட்டில் நீங்களே கட்டுங்கள்' என்ற எண்ணம் விமானத்தோடு கூடவே வளர்ந்தது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. விமானம் தொழிற்சாலைப் பொருளானது. போர் முடிந்ததும் அரசுகள் சான்றிதழ், ஆய்வு, உரிமம் என்று விதிகளைக் கொண்டுவந்தன. விமானம் வாங்குவது பணக்காரர்களின் காரியம் என்றானது. சாதாரண மனிதன் அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

இந்த நிலையைக் கண்டு பொறுக்காதவர் ஆன்ரி மின்யே. 1893இல் பிரான்சில் பிறந்தவர். ரேடியோ, மின்சாரம் தெரிந்தவர். சிறு வயதிலிருந்தே விமானம் கட்டிக் கட்டிப் பார்த்தவர். முதலில் செய்தவை சரியாகப் பறக்கவில்லை. 1920களின் இறுதியில் செய்த எச்.எம். 8 நன்றாகப் பறந்தது. அது வழக்கமான அமைப்புள்ள விமானம். அதைப் பார்த்து மற்ற அமெச்சூர்களும் கட்டினார்கள்.

ஆனால் மின்யேவுக்கு வழக்கமான விமானத்தை ஓட்டுவது எளிதாக இல்லை. அந்த விமானங்களில் ஸ்டிக்கைக் கையால் அசைக்க வேண்டும். அதே நேரத்தில் வாலில் உள்ள சுக்கானைக் கால் பெடல்களால் இயக்க வேண்டும். திருப்பும்போது கையும் காலும் ஒத்துப்போகாவிட்டால், அதுவும் வேகம் குறைந்திருந்தால், விமானம் தூக்கும் சக்தியை இழந்து சுழன்றபடி விழும். அந்தக் காலத்தில் பல விமானிகளைக் கொன்றது இந்தச் சுழல் விழுச்சிதான். மின்யே அதைக் கண்டு பயந்தார். அது நியாயமான பயம். பயத்தை ஒளித்துவைக்காமல், 'என்னைப் போன்ற சாதாரண ஆளும் பயமின்றி ஓட்டக்கூடிய விமானம் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கேள்விக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

அவர் கண்ட விடைதான் எச்.எம். 14. 1933 செப்டம்பர் 10 அன்று முதலில் பறந்தது. வழக்கமான விமானத்தின் வால் இறக்கை அதில் இல்லை. முன்னால் மேலே ஓர் இறக்கை, அதை ஒட்டிப் பின்னால் சற்றுக் கீழே இன்னோர் இறக்கை. சாய்ப்பதற்கு இறக்கை நுனியில் வைக்கும் ஏலெரான் பலகைகள் இல்லை. கால் பெடலும் இல்லை. எல்லாம் ஒரே ஸ்டிக். இடம் வலமாக அசைத்தால் சுக்கான் திரும்பும். முன்னும் பின்னும் அசைத்தால் முன் இறக்கை முழுவதுமே ஒரு கீலில் ஏறி இறங்கும். மரச்சட்டம், ப்ளைவுட், பசை, மேலே இறுக்கிப் போர்த்திய துணி, மோட்டார் சைக்கிள் வகையைச் சேர்ந்த சிறிய என்ஜின். அவ்வளவுதான். சுழல் விழுச்சியைப் பற்றிய அச்சம் இதில் வேண்டாம் என்றார்.

பெயர் 'பூ துயு சியெல்'. தமிழில் சொன்னால் வானத்துப் பேன். ஃபோர்டின் மலிவான காரைப் பிரெஞ்சுக்காரர்கள் கேலியாகச் 'சாலைப் பேன்' என்பார்கள். அதுபோல வானமெங்கும் இது மொய்க்க வேண்டும் என்பது ஆசை. ஆங்கிலேயர்கள் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று மாற்றிக்கொண்டார்கள்.

1934இல் மின்யே ஒரு புத்தகம் வெளியிட்டார். எப்படிக் கட்டுவது, எப்படி ஓட்டக் கற்றுக்கொள்வது என்று படங்களோடு, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல எழுதினார். பெட்டிக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவருக்கு விமானமும் கட்ட வரும் என்பது அவருடைய வாதம். 1935இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததும் முதல் பதிப்பு ஒரே மாதத்தில் தீர்ந்துபோனது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்யே தன் பேனை ஓட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து வந்து இறங்கினார். பிறகு கேட்க வேண்டுமா? கார் ஷெட்டிலும், வீட்டு முன்னறையிலும், பள்ளிப் பட்டறையிலும் கூடப் பேன்கள் உருவாகத் தொடங்கின.

பிரிட்டிஷ் அரசும் தடுக்கவில்லை. முழுமையான சான்றிதழ் கேட்டால் அமெச்சூர் யாரும் பறக்க முடியாது என்று, சில நிபந்தனைகளோடு தனியான பறக்கும் அனுமதி ஒன்றை வழங்கியது. இங்கிலாந்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பேன்கள் அந்த அனுமதியைப் பெற்றன. அரை வேலையில் நின்றவை எத்தனையோ.

பிறகு சாவுகள் தொடங்கின.

1936இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் அடுத்தடுத்து விபத்துகள். விழுந்த விதம் ஒன்றுபோல இருந்தது. விமானம் மூக்கைத் தாழ்த்தி மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். இறக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகும். நிமிராமல் நேரே தரையில் மோதும். 'கற்றுக்குட்டிகள் ஓட்டினால் இப்படித்தான்' என்று சொல்லி முடித்துவிடவும் முடியவில்லை. இறந்தவர்களில் பிரிட்டிஷ் விமானப் படையின் அனுபவமுள்ள அதிகாரிகளும் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் முழு அளவுப் பேன் ஒன்றை அப்படியே தூக்கி வைத்து அளக்கும் வேலை நடந்தது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்திலும், பிரான்சில் ஷாலே மூடோன் சுரங்கத்திலும் சோதித்தார்கள். முடிவு அதிர்ச்சியாக இருந்தது. மூக்கு சுமார் 15 பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால், ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் விமானம் நிமிராது. ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். அகலமான வாய்க்காலில் மெதுவாக ஓடும் தண்ணீர், குறுகலான மடையில் வேகமெடுத்துப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். பேனின் முன் இறக்கையின் பின் விளிம்பும், பின் இறக்கையின் முன் விளிம்பும் மிக நெருக்கமாக இருந்தன. மூக்கைத் தூக்க வேண்டி ஸ்டிக்கை இழுத்தால், முன் இறக்கையின் பின் விளிம்பு கீழே இறங்கும். இரண்டு இறக்கைக்கும் நடுவே உள்ள சந்து குறுகும். அந்தச் சந்து வழியே காற்று வேகமாகப் பாய்ந்து பின் இறக்கையின் மேல் ஓடும். அதனால் பின் இறக்கை இன்னும் வலுவாக மேலே தூக்கும். ஏற்றப் பலகையில் பின்பக்கம் மேலே போனால் முன்பக்கம் என்ன ஆகும்? கீழே போகும். அதாவது, மூக்கைத் தூக்க ஓட்டுபவர் செய்த செயலே மூக்கை மேலும் அழுத்தியது. பயத்தில் இன்னும் இழுப்பார். அது இன்னும் இறங்கும்.

இதில் ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். மின்யே அலட்சியக்காரர் அல்ல. ஏமாற்றுக்காரரும் அல்ல. பிறரைப் பறக்கச் சொன்ன விமானத்தில் தானும் பறந்தவர், கடல் தாண்டியவர். தெரிந்த ஆபத்து ஒன்றைத் தவிர்க்க மனப்பூர்வமாக உழைத்தவர். அந்த ஆபத்தைத் தவிர்க்கச் செய்த மாற்றத்துக்குள்தான் யாருக்கும் தெரியாத புதிய ஆபத்து ஒளிந்திருந்தது. மூக்கு அவ்வளவு தூரம் தாழாதவரை அந்தக் குறை வெளியே தெரியாது. எத்தனை நூறு முறை நல்லபடியாகப் பறந்தாலும், அந்த ஒரு மூலைக்குப் போகாதவரை 'எல்லாம் சரி' என்றே தோன்றும்.

பேனைப் பார்த்துக் கட்டியவர்களும் ஆளுக்கொரு மாற்றம் செய்தார்கள். கிடைத்த என்ஜினைப் பொருத்தினார்கள். என்ஜின் கனம் மாறினால் விமானத்தின் எடைச் சமநிலையும் மாறும். ஒரே பெயரில் பல விதமான விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒருவர் கண்ட கோளாறு இன்னொருவருக்குப் போய்ச் சேர ஒழுங்கான வழி இல்லை.

பிரிட்டன் புதிய அனுமதிகளை நிறுத்தியது. பிரான்சிலும் தடை வந்தது. பத்திரிகைகள் கொண்டாடிய மனிதரையே அதே பத்திரிகைகள் குற்றவாளிபோல எழுதின. மின்யே ஓடி ஒளியவில்லை. சுரங்கச் சோதனை காட்டிய குறையைத் திருத்தி இறக்கைகளின் அமைப்பை மாற்றினார். 1965இல் இறக்கும் வரை இந்த வகை விமானங்களையே செய்துகொண்டிருந்தார். திருத்திய அமைப்பில் அவருடைய பேன் வம்சம் பிரான்சில் இன்றும் பறக்கிறது. இறந்தவர்கள் திரும்பவில்லை.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. இத்தனைக்கும் பிறகு அரசுகள் வீட்டு விமானத்தை ஒரேயடியாகத் தடை செய்திருக்கலாமே? ஏன் செய்யவில்லை?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்ததில் விடை இருக்கிறது. 1946இல் பிரிட்டனில் சிறு விமான ஆர்வலர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். பிற்காலத்தில் அது பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. அந்தச் சங்கத்தின் பெரிய பங்களிப்பு பரிசோதகர்கள். கட்டும்போதே இடையிடையே ஒருவர் வந்து பார்ப்பார். மரச்சட்டமும் பசை இணைப்பும் துணிக்குள் மறைவதற்கு முன்பே பார்ப்பார். வரைபடத்திலிருந்து மாற்றம் செய்தால் ஏன் என்று கேட்பார். பிரான்சிலும் அப்படி ஒரு சங்கம் வந்தது. அதன் பெயரில் மின்யேவின் புத்தகத் தலைப்பையே சேர்த்துக்கொண்டார்கள். அவரை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பலன் உடனே தெரிந்தது. 1948இல் எதுவார் ஜோலி, அவர் மருமகன் ழான் தெலெமோந்தே இருவரும் ஒற்றை இருக்கை மர விமானம் ஒன்றைச் செய்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து ஜோடெல் என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான வால், வழக்கமான கட்டுப்பாடுகள், எளிய மர வேலை. வீட்டில் கட்டுபவர்களிடையே உலகமெங்கும் பரவியது. அந்த வடிவத்திலிருந்து தொழிற்சாலைகளும் விமானம் செய்தன.

அமெரிக்காவில் 1953இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி அருகே பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் அதன் திருவிழா இன்று உலகப் புகழ் பெற்றது. அங்கே சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். எதற்காக? சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ. 'கல்வி' என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. ஆசிரியனாக இருந்த எனக்கு இதைப் படித்தபோது மிகுந்த மகிழ்ச்சி. கட்டி முடித்த பிறகு, பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும். அப்போது பயணிகளை ஏற்றக் கூடாது. உள்ளே ஓர் அறிவிப்பும் ஒட்ட வேண்டும்: இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானத்துக்குரிய பாதுகாப்பு விதிகளின்படி அமைந்ததல்ல என்று. துணிபவர் துணியட்டும், ஆனால் தெரிந்து துணியட்டும் என்பது அதன் பொருள்.

இந்த நடுவழியால் கிடைத்தது கொஞ்சமல்ல. பர்ட் ரூட்டன் 1970களில், நுரைப் பலகையை வெட்டி அதன் மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசி விமானம் கட்டும் முறையை வீட்டுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் வடிவமைத்த வாயேஜர் 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தது.

ஆனால் பழைய பாடம் முடிந்துவிடவில்லை. 1997 அக்டோபரில் புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியக் கடலோரத்தில் விமானம் விழுந்து இறந்தார். அது ரூட்டன் வடிவமைத்த லாங் ஈசி. வேறொருவர் வீட்டில் கட்டியதை டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்தார். பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தீர்ந்தால் கீழே கைவிட்டு டேப்பை ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதுபோல இந்த விமானத்திலும் ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு திருகு உண்டு. வரைபடத்தில் அது ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவர் அதை மாற்றி, ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஓட்டுபவர் அமரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்ற பாதுகாப்பு எண்ணத்தில் செய்ததுதான். அந்தத் திருகை எட்டிப் பிடிக்க உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பினால் கால் தன்னை அறியாமல் சுக்கான் பெடலை அழுத்திவிடும். விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. புதிய விமானத்தில் போதிய பழக்கம் இல்லாததும் ஒன்று.

மின்யேவுக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டு. நடந்தது ஒன்றேதான். ஓர் ஆபத்தைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம், இன்னோர் ஆபத்துக்கு வாசல் திறந்தது. செய்தவரின் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் முட்டாள்தனம் அல்ல. தான் தவிர்த்த ஆபத்தின் மேலேயே அவருடைய கவனம் முழுவதும் இருந்தது.

நம் நாட்டிலும் மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். பல ஆண்டுகள் அலைந்து 2017இல்தான் அதற்குப் பதிவு கிடைத்தது. கேட்டவுடன் கொடுப்பதும் தவறு. பார்க்க ஆளில்லாததால் கொடுக்காமலே இருப்பதும் தவறு. கட்டுபவர் பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் கடினமான வேலை. மற்ற நாடுகள் அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கின்றன.

ஆகவே 'பட்டம் வாங்காத மேதை' என்று எழுதும் பிள்ளைகளுக்கு: ரைட் சகோதரர்களுக்கும் பட்டம் இல்லை. கணக்கு பொய்த்தபோது நின்று, பெட்டி செய்து, அளந்து பார்த்தார்கள் என்பதுதான் அவர்களின் சிறப்பு. 'அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: அனுமதித்ததால் மட்டும் பேனில் ஆட்கள் சாகவில்லை. முழு அளவு விமானத்தை முன்பே அளந்து பார்க்க ஒருவரும் இல்லாததால் செத்தார்கள்.

உங்களில் பலர் இன்று பொறியாளர்கள், மருத்துவர்கள், கட்டடம் கட்டுபவர்கள், கணினி நிரல் எழுதுபவர்கள். உங்கள் வேலையிலும் துணி போர்த்தும் கட்டம் ஒன்று வரும். அதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்களிடம் யாராவது காட்ட வந்தால், புகழ்வதோடு நிறுத்தாமல் 'இதை ஏன் மாற்றினாய்?' என்று கேளுங்கள்.

 விமானத் துறையில் இருக்கும் நம் மாணவர்கள் இதில் சேர்க்க வேண்டியது ஏதேனும் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.